நான்காவது சுவிட்ச்

மூலையில் இருந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாரிக்கண்ணு அப்பளப் பலகைகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அதையே பார்த்தாள். தலைக்கு மேல் மரத்தளத்தில் யாரோ நடந்தார்கள். விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் கதவு மூடும் சத்தமும் பூட்டுச் சத்தமும் கேட்டன.

“ஏட்டி, அங்கன கிடந்து என்னத்தத் தேடுத? கம்மலத் தொலைச்சிட்டியா?” என்றாள் பிரம்மசக்தி, கடைசி உருண்டையைத் தேய்த்தபடி. மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“இல்லக்கா. களவாணியப் பிடிச்சிட்டேன்.”

கன்னத்தில் ஒட்டிய உளுந்து மாவைத் துடைக்காமலே எழுந்தாள்.

கல்லிடைக்குறிச்சியில் விஸ்வேஸ்வரனுடைய வீட்டின் பின்கட்டில் பதினான்கு பெண்கள் அப்பளம் தேய்க்கிறார்கள். மாரிக்கண்ணு அவர்களில் ஒருத்தியாக எட்டு வருஷம் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷமே சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி வந்து பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவள். வலது மணிக்கட்டில் எலும்பு ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணார்பேட்டைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். வகுப்பில் எல்லோரும் அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள். ‘அக்கா, உங்க மேல அப்பள வாசனை’ என்பார்கள். ‘பசிக்குதா?’ என்று கேட்பாள்.

தொண்ணூற்றொன்பது கோடையில் விஸ்வேஸ்வரனின் மகன் சுந்தர்ராமன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தான். மாடி அறையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரை வைத்து அதில் அறுநூறு பாட்டுகளை ஏற்றினான். கீழே பின்கட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தான். இரண்டுக்கும் நடுவில் கம்பி இழுத்தான். கம்பிகள் சேரும் சின்னப் பெட்டி கீழே மூலையில் இருந்தது. கம்பிக்கு ஒன்றாக அதில் பச்சை விளக்குகள்; மறுமுனையில் உள்ள மெஷினுக்குக் கரண்ட் இருக்கும்வரை எரியும். மேலே இருக்கும் பாட்டு கம்பி வழியாக இறங்கி வந்து கீழே பாடியது. பெண்களின் கை வேகம் கூடியதை விஸ்வேஸ்வரனே ஒத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். ஆளில்லாத அறையில் மெஷின் ஓடக்கூடாது. அதனால் யாரும் தொடாவிட்டால் மேலே உள்ளது இருபது நிமிஷத்தில் தூங்கும்படி மகன் வைத்தான். கீழேயிருந்து ஒரு கட்டளை அனுப்பினால் அது எழுந்துகொள்ளும். அதைக் கவனிக்கவும், லேபிளும் கடிதமும் அடிக்கவும் மாரிக்கண்ணுவை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அவள் பலகையை விட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகன் போன மறுநாளே வினை ஆரம்பித்தது. காலையில் பாட்டு ஒழுங்காக ஓடும். தூங்கினால் எழும். பதினொன்றுக்குப் பெண்கள் சாப்பிடப் போவார்கள். விஸ்வேஸ்வரன் மாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைகளுக்குக் கிளம்புவார். பன்னிரண்டுக்கு வந்து எழுப்பினால் மெஷின் எழாது. நாலு மணிக்கு அவர் திரும்பி வந்து அறையைத் திறக்கும்வரை பின்கட்டில் குழவிச் சத்தம் மட்டும்தான்.

கம்ப்யூட்டர் விற்ற ஞானசிகாமணி வண்ணார்பேட்டையிலிருந்து மூன்று முறை வந்தார். அவர் வரும்போதெல்லாம் மெஷின் சொன்னபடி தூங்கியது, சொன்னபடி எழுந்தது. அவர் போனதும் பழைய கதை. மதர்போர்டு கோளாறு என்று முடிவு சொன்னார். விஸ்வேஸ்வரன் வெள்ளிக்கிழமை வரை பார்ப்பதாகச் சொன்னார். சரியாகாவிட்டால் இரண்டு மெஷின்களும் வேனில் ஏறும். மாரிக்கண்ணு பழையபடி பலகைக்குப் போகலாம்.

இன்று வெள்ளிக்கிழமை. ஞானசிகாமணி வேனோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

மாடிப்படி அடியில் அவள் விஸ்வேஸ்வரனை மறித்தாள்.

“சார், ரூமப் பூட்டும்போது கம்ப்யூட்டர் சுவிட்ச அணைக்கீங்களா?”

“நானா? நான் எதுக்கு அணைக்கப்போறேன்? சுந்து தூங்க வச்சிருக்கான், அது தூங்கறது. நான் அந்தப் பக்கமே போறதில்லை.”

“நாலு மணிக்கு எப்படி எழுப்புவீங்க?”

“பொத்தானை அமுக்குவேன். நீலமா ஒரு திரை வரும். பத்து நிமிஷம் என்னமோ சோதனை பண்ணும். நல்ல மெஷின்மா. தினம் தன்னைத்தானே சரிபார்த்துக்கறது.”

“தூங்கி எந்திரிச்சா அந்தச் சோதனை வராது சார். கரண்டப் பிடுங்கினாத்தான் வரும். தூங்கும்போதும் அதுக்குக் கொஞ்சம் கரண்ட் வேணும். காது மட்டும் முழிச்சிருக்கணும்லா, நான் கூப்பிடுதது கேக்க.”

அவருக்கு முகம் சுருங்கியது. பொய் சொன்னதாக யாரும் அவரை அதுவரை சொன்னதில்லை.

“பூட்டுத மாதிரி ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார்.”

மேலே போனார்கள். ஞானசிகாமணியும் பின்னால் ஏறி வந்தார். விஸ்வேஸ்வரன் அறையைத் திறந்து, எல்லா சுவிட்சையும் போட்டு, கணக்குப் புத்தகத்தை மூடி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டு, நிலைப்படியைத் தாண்டினார். தாண்டும்போது அவருடைய வலது உள்ளங்கை சுவரில் இருந்த நான்கு சுவிட்சுகளையும் ஒரே வழிப்பாக வழித்துக் கீழே தள்ளியது. விளக்கு, விசிறி, சாமி பட விளக்கு, கம்ப்யூட்டர். ஸ்டெபிலைசர் ‘டொக்’ என்றது.

அவர் நின்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

பதினேழு வருஷத்துக்கு முன் அவர் அப்பாவின் கிடங்கு, இரவெல்லாம் ஓடிய ஒரு விசிறியால் எரிந்துபோனது. அன்றிலிருந்து எந்த அறையை விட்டு வந்தாலும் அந்தக் கை தன் வேலையைச் செய்துவிடும். அவருக்குத் தெரியவே தெரியாது.

“இந்தக் கையை நான் என்ன பண்றது?” என்று மெதுவாகக் கேட்டார். “சுவிட்சைப் போட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எனக்குச் சாதம் இறங்காது.”

மாரிக்கண்ணு கீழே ஓடினாள். அப்பள அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, சின்ன மூடி போல மடித்து எடுத்து வந்தாள். நான்காவது சுவிட்சைப் போட்டு, அதன்மேல் மூடியைக் கவிழ்த்துக் கறுப்பு டேப்பால் ஒட்டினாள்.

“கை அது பாட்டுக்கு வேலையச் செய்யட்டும் சார். மூணு அணையும். இது மட்டும் தப்பிச்சிரும். மெஷின் தூங்கும், சூடாகாது.”

“நானும் இருவது வருஷமா தொழில்ல இருக்கேன்,” என்றார் ஞானசிகாமணி. “அப்பள அட்டைய வச்சு மதர்போர்டச் சரி பண்ணுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“மதர்போர்டுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க வரும்போதெல்லாம் சார் உங்களுக்காக ரூமத் தொறந்தே வச்சிருப்பாங்க. பூட்டினாத்தான நோய் வரும்?”

விஸ்வேஸ்வரன் அட்டை மூடியைத் தொட்டுப் பார்த்தார். “இன்னிக்கு ஒரு நாள்,” என்றார்.

மெஷினைக் கிளப்பி விட்டு, கதவைத் தாண்டினார். கை வழித்தது. மூன்று விழுந்தன. பூட்டினார்.

பெண்கள் திரும்பி வந்து பலகைகளில் உட்கார்ந்தார்கள். இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்றாள் மாரிக்கண்ணு. விஸ்வேஸ்வரன் கடைக்குப் போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஞானசிகாமணி வாட்சைப் பார்த்தார். தலைக்கு மேல் கேட்ட மெல்லிய இரைச்சல் ஒரு கட்டத்தில் நின்றது. பச்சை விளக்கு அணையவில்லை.

அவள் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிரம்மசக்தி குழவியைக் கீழே வைத்தாள்.

“பைய எந்திரிக்கும்க்கா. ஒன்ன மாதிரிதான்.”

பூட்டிய அறைக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு மெஷினுக்குள் இருந்த விசிறி சுற்றத் தொடங்கிய இரைச்சல் மரத்தளம் வழியாக இறங்கியது. கீழே திரையில் அறுநூறு பாட்டின் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. முதலில் இருந்ததையே தட்டினாள். தபேலா ஆரம்பித்தது.

யாரும் கை தட்டவில்லை. பதினான்கு குழவிகள் ஒரே நேரத்தில் பலகையில் உருண்டன. அதுவே போதுமாக இருந்தது அவளுக்கு.

“சாமி, சாவி ஒங்க கையில. பாட்டு எங்க காதுல,” என்றாள் பிரம்மசக்தி. விஸ்வேஸ்வரன் சிரித்துவிட்டார். சாவியைப் பார்த்தார், மேலே பார்த்தார், இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

ஞானசிகாமணி வேனைக் காலியாக அனுப்பிவிட்டு ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டார். போகும்போது, “ஏம்மா, அந்த மூடிக்கு என்ன அளவு?” என்று கேட்டார். “ரெண்டு விரக்கடை அண்ணாச்சி,” என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. மாரிக்கண்ணு எட்டரைக்கு வந்தாள். லேபிள்கள் அடித்தாள். பதினொன்றுக்கு விஸ்வேஸ்வரன் மாடியைப் பூட்டினார். பன்னிரண்டுக்கு மெஷினை எழுப்பினாள். எழுந்தது. ஒன்றேகாலுக்குத் தூங்கியது, மறுபடி எழுப்பினாள். இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. முழுக்க அணைந்துபோன மெஷின் அதன்பிறகு கூப்பிட்டு எழவில்லை. விஸ்வேஸ்வரன் அன்று சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் சாவி வாங்கி மேலே போய்ப் பொத்தானை அழுத்தினாள். நீலத்திரை வந்து போனது. அறையைப் பூட்டிவிட்டு இறங்கினாள். அவர் சாவியைக் கேட்கவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஐந்தே முக்கால் பஸ்ஸில் சேரன்மகாதேவிக்குப் போனாள்.