பாகலூர் பஸ்ஸின் இடது பக்கம்

பாகலூரில் இருந்த என் நாத்தனார் மேல் எனக்கு உயிர் என்று எங்கள் தெருவே நம்பியது. கூடப் பிறந்தவளைக்கூட இப்படி வாராவாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கமாட்டார்கள் என்று என் காதுபடவே பேசினார்கள். அடப் போங்களேன்! அந்த அம்மாள் போட்டுத் தரும் டீயைக் குடித்தால் அன்று முழுக்க நாக்கு விளங்காது. வாயைத் திறந்தால் என் சமையலில் உப்பில்லை, என் நடையில் திமிர். நான் போனது அவளுக்காக இல்லை. பாகலூர் பஸ் எங்கள் ஜனங்களின் கபர்ஸ்தான் சுவரை ஒட்டிப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சுவருக்கு மேலாக உள்ளே தெரியும். உள்ளே என் மகள் இருந்தாள்.

ஓசூரில் பழைய கபர்ஸ்தான் அதுதான். மைசூர்ப் படைகள் இந்தப் பக்கம் வந்துபோன காலத்தில் செத்த சிப்பாய்களை அடக்க ஆரம்பித்த இடம் என்று என் மாமனார் சொல்வார். செங்கல் பெயர்ந்த பெரிய கபர்கள் சில உண்டு. யாருடையவை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிறகு உருது பேசும் குடும்பங்கள் வந்தன. கிருஷ்ணகிரியிலிருந்து வியாபாரத்துக்கு வந்த எங்களைப் போன்ற தமிழ் பேசுகிறவர்களும் சேர்ந்தோம். பள்ளிவாசல் கூட்டத்தில் உருதுவா தமிழா என்று மல்லுக்கு நின்றவர்களெல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். பெருநாள் தொழுகை முடிந்ததும் ஆண்கள் கூட்டமாக உள்ளே போய், அவரவர் வீட்டுக் கபரருகே நின்று துஆ கேட்டுவிட்டு வருவார்கள். நாங்கள் வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருப்போம். பெண்கள் உள்ளே போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

எழுபதுகளின் கடைசியில், தொழிற்பேட்டை வந்து ஊர் வீங்கத் தொடங்கியிருந்த சமயம், என் முதல் பிள்ளை போனாள். என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து அவர் ஓடி வருவதற்குள், வாந்தியும் பேதியுமாகக் கிடந்த குழந்தை துவண்டுவிட்டது. தவழக்கூட ஆரம்பிக்காத பிள்ளை. மாமியார் குளிப்பாட்டினார். கபன் துணி சுற்றும்போது முகத்தை மட்டும் எனக்குக் காட்டினார்கள். அவ்வளவு சின்ன உடம்பைப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்க வேண்டியதில்லை. அவரே கைகளில் ஏந்திக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது அந்தக் கைகள் சும்மா தொங்கின. ரொம்ப நாளைக்கு அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"சொவத்தோரம், சின்னப் புள்ளைங்க மூலையில."

"வெயில் அடிக்குமா?"

"வேப்பமரம் இருக்குது."

"மரத்துக்கு எந்தப் பக்கம்?"

"ஐயோ, உடு புள்ள" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சில மாதம் கழித்து நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். பஸ் அந்தச் சுவரருகே மெதுவாகத் திரும்பியபோது வேப்பமரம் தெரிந்தது. மரத்தடியில் சின்னச் சின்ன மண்மேடுகள். என்னுடையவள் எது என்று தெரியாமல் வழியெல்லாம் அழுதேன். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அடுத்த தடவை போனபோது, ஒரு மேட்டின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்த கற்கள் மட்டும் சுண்ணாம்பு அடித்து வெள்ளைவெளேரென்று நின்றன. அந்த மனுஷனை அன்று போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த நாத்தனார் பாசம். போகும்போது இடது பக்க ஜன்னல், வரும்போது வலது பக்க ஜன்னல். ஆள் இருந்தால் எழுப்பிவிட்டு உட்காருவேன்.

"ஏனம்மா, லெப்ட்டுல உக்காந்தாலும் ரைட்டுல உக்காந்தாலும் பாகலூர் ஒண்ணுதான வருது?" என்பார் கண்டக்டர்.

"டிக்கெட்டக் கிழிச்சமா போனமான்னு இரு" என்பேன்.

கண்ணைச் சிமிட்டினால் போய்விடும் காட்சி. சிமிட்டாமல் பார்ப்பேன். சலாம் சொல்லி, சாப்பிட்டாயா என்று வாய்க்குள் கேட்பேன். சுவரோரம் லாரி எதுவும் நின்றுவிட்டால் போச்சு. பிள்ளையையும் பார்க்காமல், நாத்தனார் டீயையும் குடித்துத் தொலைக்க வேண்டும்.

எண்பதுகளில் நிலத்தின் விலை ஏறியது. கபர்ஸ்தானை ஒட்டி வீடு கட்டியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தார்கள். சுவரேறிக் குதித்து உள்ளே உட்கார்ந்து குடித்தார்கள். சுவரை ஆள் உயரத்துக்கும் மேலே தூக்கிக் கட்டுவதென்று பள்ளிவாசல் கமிட்டி முடிவு செய்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டத்துல சொல்லுங்க. அந்த மூலையில மட்டும் ஒசத்த வேணாம்னு சொல்லுங்க."

"என்னான்னு சொல்றது? என் சம்சாரம் பஸ்ஸுல போயி எட்டிப் பாக்குறான்னா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. நாலு பேர் சிரிச்சா நீங்க என்னா தேஞ்சா போயிருவீங்க?"

போனார், வந்தார். செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, வாயே திறக்கவில்லை என்று. சோறு போட்டேன், முகம் கொடுக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் சுவர் வளர்வதை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். முதலில் கால்மாட்டுக் கல் மறைந்தது. பிறகு தலைமாட்டுக் கல். கடைசியில் வேப்பமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து நான் என்ன செய்ய? பாகலூர் போவதை நிறுத்திவிட்டேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதென்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள்.

தொண்ணூறுகள் வந்தபோது கபர்ஸ்தான் நிரம்பிவிட்டது. வேலைக்கென்று எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்தவர்களும் இங்கேதானே சாகிறார்கள். புது இடம் கிடைக்கவில்லை. பழைய மூலைகளில் மண் கொட்டி உயர்த்தி, அதன் மேலேயே மறுபடி அடக்குவதென்று ஏற்பாடானது. சின்னப் பிள்ளைகள் மூலையில்தான் முதலில் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"கல்லெல்லாம் புடுங்கிட்டாங்க."

"நம்மளது எங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாக் குவிச்சுட்டாங்க. எதுன்னு தெரியல."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை. வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் வயிறு எரியாதா?

மண் கொட்டிய கொஞ்ச நாளில், எங்கள் பின்வீட்டில் குடியிருந்த பெண்ணின் கைக்குழந்தை இறந்தது. திருநெல்வேலிப் பக்கத்தவள். புருஷனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அக்காளை அவர்கள் ஊரில் லாத்தா என்பார்களாம், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பியதும், புதிதாக மண் போட்ட மூலையில் முதல் குழி இதுதான் என்று அவள் வீட்டு வாசலில் யாரோ சொன்னார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். என் பிள்ளையின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே! அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனேன்.

அவள் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா, அங்க எப்படி இருக்கும்? பிள்ள ஒத்தையில கெடக்குமே. பயந்துருமே, லாத்தா."

இதே கேள்வியைக் கேட்க அந்தக் காலத்தில் எனக்கு ஒரு ஆள் இருக்கவில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒத்தையில இல்லம்மா. கீழ என் பொண்ணு இருக்குறா. ஒம் புள்ளைய அவ பாத்துக்குவா."

அவள் என்னையே வெறித்துப் பார்த்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருந்திருந்தால் என் மகளுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிற வயது. அதை நினைத்து நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"இனி அந்த எடத்த யாரும் தொட மாட்டாங்கள்லா, லாத்தா?"

"மாட்டாங்கம்மா" என்றேன்.

அந்த மூலை நிரம்பியதும் அதன் மேலும் மண் கொட்டுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.