கவராயத்தின் ஒரு கால்

என் மேசை இழுப்பறையில் ஒரு கவராயம் இருக்கிறது. பென்சில் செருகும் கால் நன்றாக இருக்கிறது. முள் இருக்க வேண்டிய கால் முறிந்துபோயிருக்கிறது. வட்டம் போட உதவாத இதை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காதவர் எங்கள் வீட்டில் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சர். இதை முறித்தவர் எங்கள் டிரில் டீச்சர்.

அவரிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. பட்டாளத்து அண்ணன் கொடுத்தது. அதன் மேல் சின்னத் தொலைநோக்கி ஒன்றை இரும்புப் பிடி போட்டு மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துச் சுவரில் சாக்பீஸால் புள்ளி வைத்துச் சுடுவார். சுடச் சுடத் துப்பாக்கி உதறும், பிடி நகரும், குறி கெடும். எங்கள் வீட்டில் தறி ஓடிய காலம். இறுக்கமாக இருக்கட்டுமே என்று, பிடிக்கு அடியில் முறுக்குப் பட்டு நூலை நான்தான் சுற்றிக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

ஒரு நாள் காலை, பள்ளிக்குப் பின்னால் குளத்தின் மேல் சாய்ந்திருந்த புளியமரத்தில், பட்டத்து நூல் காலில் சுற்றி ஒரு கொக்குக் குஞ்சு தலைகீழாகத் தொங்கியது. நூல் மாட்டியிருந்தது விரல் கனம்கூட இல்லாத காய்ந்த குச்சியில். அந்தக் கிளை ஆளைத் தாங்காது, கழியும் எட்டவில்லை. பிள்ளைகள் கரையில் நின்று அழுதார்கள். டிரில் டீச்சர் துப்பாக்கியோடு வந்தார். முதல் குண்டு குச்சியைச் சிராய்த்தது. இரண்டாவது, கொக்கின் இறகை உரசிக்கொண்டு போனது.

"தல தொங்கிப்போச்சும்மா, சீக்கிரம் சுடுங்க!" இடுப்பளவு தண்ணீரில் துண்டை விரித்துப் பிடித்து நின்றிருந்த வாட்ச்மேன் கத்தினார்.

அவர் சுடவில்லை. குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, தொலைநோக்கிப் பிடியின் திருகாணிகளைக் கழற்றினார். என் பட்டு நூலை உருவிப் போட்டார். "பட்டு வழுக்கும்டி. தறிக்காரங்க வீட்டுப் பொண்ணு, உனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கவேறு செய்தார். முந்தானையால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது, துப்பாக்கியின் முதுகில் ஒரு சின்னத் துளை தெரிந்தது.

"இது ரெண்டு தடவ உதைக்குதுபா. மொதல்ல பின்னால, அப்புறம் முன்னால. முன்னால பாயும்போது பிடி பின்தங்கிப்போவுது. எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது. பின்னால ஒரு முட்டு வேணும்."

வகுப்புக்குப் போகும் வழியில் அப்படியே ஓடிவந்த என் கையிலிருந்த கவராயத்தை வாங்கினார். முள்ளை அந்தத் துளையில் செருகி, கல்லால் தட்டி, மேலே நின்றதை மடக்கி முறித்தார். அரிசி அளவு இரும்பு மிச்சம் நின்றது. அதில் முட்டும்படி பிடியைத் தள்ளி, திருகாணிகளை மாற்றி மாற்றி இறுக்கினார். புளியமரத்தின் அடிமரத்தில் புள்ளி வைத்துச் சுட்டு, குறியைத் திருகிச் சரிசெய்து, மறுபடி சுட்டார். பிடியைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை.

அத்தனை பேர் கதற, ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்க, உட்கார்ந்து திருகாணி கழற்ற ஒருவருக்கு எப்படி மனம் வரும்? என்ன மனுஷி இவர் என்று மலைத்து நின்றேன். நானாக இருந்தால் பதறிப்போய் இருந்த குண்டையெல்லாம் சுட்டுத் தீர்த்திருப்பேன். அவர் காற்று அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரே குண்டில் குச்சி ஒடிந்தது. கொக்கு வாட்ச்மேன் துண்டில் விழுந்தது.

விளையாட்டுச் சாமான் அறையில் சில நாள் நொண்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரு காலையில் அது கிளம்பியது. டிரில் டீச்சர் எனக்குப் புதுக் கவராயம் வாங்கித் தந்தார். அது எங்கேயோ தொலைந்துவிட்டது. இப்போதும் வீட்டில் ஏதாவது ஒன்று ஆகி எல்லோரும் கத்தும்போது, நான் போய் இழுப்பறையைத் திறந்து இந்தப் பழையதைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு ஒரு கால் போயிற்று. கொக்கு இரண்டு காலோடும் பறந்து போயிற்று.