துளைக்காத தோட்டாக்கள்: தென் லண்டனில் ஒரு சனிக்கிழமை

இரண்டாம் உலகப் போரின் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பற்றி முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியபோது, அவை உண்மையில் வேலை செய்தனவா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லண்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் அதைத் தூக்கிப் பார்க்கலாம், படுத்துக் குறியும் பார்க்கலாம் என்று தெரிந்தது. மார்ச்சில் ஒரு வார இறுதிக்குப் பாரிஸிலிருந்து ரயிலேறினேன்.

தங்கியது மோர்டனில், அக்கா வீட்டில். அத்தான் மன்னார்க்காரர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்து பிளம்பிங் தொழில் செய்கிறார். தொலைக்காட்சியில் சண்டைப்படம் ஓடினால் எழுந்து போய்விடுவார். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, எதைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். கவச வாகனத்தைச் சுடும் துப்பாக்கி என்றேன். மறுநாள் காலை நான் புறப்படும்போது பார்த்தால், சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

மோர்டனிலிருந்து கென்னிங்டனுக்கு நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். மோர்டன் தொடக்க நிலையம் என்பதால் இருக்கை கிடைக்கும். வழியில் கோலியர்ஸ் வுட்டில் ஏறுபவர்கள் பெரும்பாலும் நிற்கத்தான் வேண்டும். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் காட்சிக்கூடம். உள்ளே போவது இலவசம். துப்பாக்கியைக் கையாளும் அமர்வுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பவுண். அத்தானுக்கு இடம் பதிந்திருக்கவில்லை. நல்லவேளை, ஒருவர் வரவில்லை.

அமர்வை நடத்தியவர் ஹெலன், ஓய்வுபெற்ற ரயில்வேப் பொறியியலாளர். பாயில் கிடந்தது பாய்ஸ் எனப்படும் பிரித்தானியத் துப்பாக்கி, செயலிழக்கச் செய்யப்பட்டது. என் உயரத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், பதினாறு கிலோ எடை. தூக்கி நான்கு அடி வைத்ததும் கீழே வைத்துவிட்டேன். இதைச் சுமந்துகொண்டு வயல்வெளியில் ஓடியவர்களை நினைத்தால் தோள் வலிக்கிறது.

அதன் பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு. ஒரு முனை மெல்லியது, மறுமுனை தடித்தது. மெல்லிய முனையில் விரல் நுழையும் ஓட்டை. தடித்த முனையில் கிண்ணம்போல ஒரு பள்ளம் மட்டும். வாசகர்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருந்தது. நூறு மீட்டர் அளவு தூரத்தில், நேராகப் பட்டால், இரண்டு சென்டிமீட்டர் இரும்பை இது துளைக்கும். போரின் தொடக்கத்தில் இலகு டாங்கிகளுக்கும் கவசக் கார்களுக்கும் அது போதுமாயிருந்தது. சில வருடங்களில் டாங்கிகளின் தோல் தடித்துவிட்டது. முன்பக்கம் சுடுவது வீண். ஆனாலும் சோவியத் படைகள் தங்கள் துப்பாக்கிகளைக் கடைசிவரை கைவிடவில்லை. பக்கவாட்டையும், உள்ளிருப்பவர் வெளியே பார்க்கும் இடுக்கையும் குறிவைத்தார்கள். ஜெர்மானியர் டாங்கிகளின் பக்கங்களில் கூடுதல் தகடுகளைத் தொங்கவிட்டதே அந்தத் தொல்லையால்தான். வேலையே செய்யாத ஆயுதத்துக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஹெலன் பேசி முடித்ததும் அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“சுடுறவனுக்கு, இது துளைக்காதெண்டு முதலே தெரிஞ்சிருக்குமோ எண்டு கேள்.”

ஏன் என்று கேட்டேன். அந்த அறையில் நின்றபடியே, மிகத் தணிந்த குரலில் சொன்னார். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, ஊர் வீதியால் இராணுவத்தின் கவச வாகனம் ஒன்று வந்திருக்கிறது. வீட்டை ஒட்டிய பனைவேலிக்குள்ளிருந்து யாரோ ஒருவர் ஏதோ பெரிய துப்பாக்கியால் அதைச் சுட்டார். வாகனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றது, பிறகு வேலியையும் வீட்டையும் சேர்த்துப் பீரங்கியால் அடித்தது. தாயும் சகோதரிகளும் அவரும் பின்பக்கத்தால் ஓடித் தப்பினார்கள். தகப்பன் வெளியே வரவில்லை. சுட்டவரும் அந்த வேலியைவிட்டு எழும்பவில்லை.

அத்தானின் தகப்பன் ஷெல் அடியில் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அப்போதுதான் கேட்டேன்.

“சுடாட்டி அந்த வாகனம் தன்ர பாட்டில போயிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில படுத்துக் கிடந்து சுட்டவன்தான் ஐயாவைச் சாகடிச்சவன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

ஹெலனிடம் கேள்வியைச் சொன்னேன், கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். எந்தத் துப்பாக்கி, எந்த வாகனம் என்று தெரியாமல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். ஒன்று மட்டும் நிச்சயம் என்றார்: இப்படியான துப்பாக்கி சுட்டவுடன் தீயும் புழுதியும் கிளம்பும், படுத்திருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். சுடுபவர்களுக்கு அது தெரியும். பிறகு, விரும்பினால் படுத்துப் பார்க்கலாம் என்று பாயைக் காட்டினார்.

அத்தானின் முழங்கால்கள் தொழிலில் தேய்ந்தவை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் படுத்தார். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அணைத்து, குறிபார்க்கும் சிறிய துளை வழியாகப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

“இதுக்குள்ளால நேர முன்னுக்குத்தான் தெரியுது, தம்பி. பக்கத்தில ஒண்டும் தெரியேல்ல.”

படுக்கும் முன் அன்று சுட்டவர் வீட்டைக் கண்டிருப்பாரே என்று எனக்குத் தோன்றியது. கென்னிங்டன் நிலையத்துக்கு நடக்கும்போது அத்தானே அதைச் சொன்னார்.

“வீட்டைக் கண்டிருப்பான், ஓம். ஆனா நாங்கள் கதவு யன்னல் எல்லாம் சாத்திப்போட்டு, ஆளில்லாத வீடு மாதிரித்தான் வைச்சிருந்தனாங்கள். அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

கென்னிங்டனில் ரயிலேறி மோர்டன் திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: அமர்வு சனிக்கிழமைகளில் மட்டும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தரையில் படுக்க வேண்டியிருப்பதால் பழைய உடுப்போடு போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முதலே சொன்னால் துப்பாக்கியை மேசைமேல் வைத்துத் தருவார்கள் (எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது). இரும்புத் தகட்டில் துளைத்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், துளைக்காத இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். இந்தத் துப்பாக்கி போரில் வாகனத்தை நிறுத்தியதா என்ற கேள்விக்கு அந்தத் தகடு ஓரளவு பதில் சொல்லும். யாருடைய குண்டு யாருடைய வீட்டில் போய் முடிந்தது என்பதற்கு எந்தக் காட்சிக்கூடத்திலும் பதில் கிடைக்காது.

ஞாயிறு காலை அக்காவும் நானும் அத்தானோடு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனோம். பூசைக்கு முன் அவர் ஃபாதரிடம் போய் இரண்டு பேருக்காக மன்றாடக் கேட்டார். ஒருவர் தன் தகப்பன். மற்றவருடைய பெயர் என்ன என்று ஃபாதர் கேட்டார்.

“பெயர் தெரியாது, ஃபாதர். எங்கட வீட்டு வளவில செத்தவர்.”