காஜா பெராங்கில் மூன்று மிடறு பீர்

மலாயா சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் போகியன்று நான் மலாக்காவுக்குப் போனேன். கோட்டை வாசலையும் பழைய தேவாலயத்தையும் பார்ப்பதற்காகப் போகவில்லை. நான்கு போத்தல் ஜெர்மன் பீர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது. அந்த நான்கில் ஒன்று, இறந்துபோன கணவருக்குப் படைப்பதற்காக ஓர் அம்மாள் ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிவைத்திருந்தது. அவருக்குப் படைக்கும் முன் நான் அதில் வாய் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் போக நினைக்கும் வாசகர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் சரியாகவே எழுதுகிறேன். கூடவே இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கோலாலம்பூரில் மதுபானம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில், ஜப்பான் சண்டைக்கு முன்பும் பின்பும் சேர்த்துப் பதினாறு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஜெர்மன் பீர் விலைப்பட்டியல் முழுவதும் என் தட்டச்சில் வெளிவந்ததுதான். பில்ஸ்னர் என்றால் வைக்கோல் நிறம், நறுக்கென்ற கசப்பு. டோர்ட்முண்ட் அதைவிடக் கொஞ்சம் கனம், கசப்பு குறைவு. மியூனிக் கருப்பு பீரில் சுட்ட ரொட்டியின் மேல்தோல் வாசனை. பொக்கிலும் அதே வாசனைதான், ஆனால் எல்லாவற்றிலும் கனமானது. இவற்றை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மாடியில் வெள்ளைக்காரத் துரை பீர் ருசி பார்க்கும் அறைக்குள் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டது ஸ்டோரில் பெட்டி அடுக்கும் அர்ஜுனனை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், இது வெயிலில் கிடந்த பெட்டி, இது பழைய சரக்கு என்று சொல்லிவிடுவார். துரை தலையாட்டுவார். அவர் சொன்னதைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் எழுதிக்கொள்வேன்.

நாடு சுதந்திரம் அடைந்ததும் துரை ஊருக்குக் கப்பலேறினார். போகும்போது என் நாற்காலிக்கு மேல் நாற்காலி போட்டு, என்னிடம் வேலை கற்ற ஒருவனை உட்காரவைத்துவிட்டுப் போனார். நான் வேலையை விட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் அர்ஜுனனிடமிருந்து, அவருடைய ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில், ஒரு கடிதம் வந்தது. அவர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான காஜா பெராங்குக்குப் போயிருந்தார். தமிழ் வணிகர் வழிவந்த, மலாக்காவின் பழைய சிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கும்பிடுவது நம் சாமிகளை, வீட்டில் பேசுவது மலாய். அவருடைய அண்ணன் மணி, ஹாம்பர்க் போகும் கப்பலில் பரிமாறுபவராக வேலை பார்த்து, முந்தைய வருடம் காலமானவர். நான் துக்கத்துக்குப் போகவில்லை. கடிதத்தில் இருந்தது இதுதான்: போகியன்று முன்னோருக்குப் படையல். அண்ணன் கொண்டுவந்த நான்கு வகை பீர் இருக்கிறது. ஈரத்தில் லேபிள்கள் உரிந்துவிட்டன. அவர் எப்போதும் லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பார். அந்த வரிசையிலேயே வைக்கவேண்டும் என்பது அண்ணி மீனாட்சியின் ஆசை. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மூக்கு போய்விட்டது, எந்த வாசனையும் தெரிவதில்லை. உங்களைவிட்டால் இதைச் சொல்ல ஆள் இல்லை.

‘மூக்கு போய்விட்டது’ என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். துக்கத்தில் படித்தேன் என்று சொன்னால் அது பொய்.

கோலாலம்பூரிலிருந்து காலை ஏழு மணி ரயிலில் மூன்றாம் வகுப்பு. தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு வெள்ளி எண்பது காசு. சிரம்பானில் பத்து நிமிடம் நிற்கும்; காப்பி அங்கேயே குடித்துவிடுங்கள், அதற்கப்புறம் கிடைப்பது காப்பி இல்லை. பத்தே முக்காலுக்குத் தம்பின். அங்கிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல். பஸ் கட்டணம் ஒரு வெள்ளி பத்து காசு. வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் குறைவு. பன்னிரண்டு மணிக்கு மலாக்காவில் இறங்கி, தெங்கேரா சாலையில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையில் எழுபது காசுக்குச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன்.

அங்கிருந்து காஜா பெராங் கிராமம், அவர்கள் சொல்லில் கம்போங், ஒன்றரை மைலுக்குள்தான். திரிஷா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ரிக்‌ஷாவுக்கு அறுபது காசு. ஓட்டியவர் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். என் வேட்டியையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சிட்டிக் கம்போங்குக்கா சார்? சொந்தமா?”

“தெரிந்தவர் வீடு.”

“அங்க போயி தமிழ்ல பேசாதீங்க. சாமி பேரெல்லாம் நம்ம பேருதான். ஆனா நீங்க தண்ணி கேட்டா வெள்ளக்காரன் வந்துட்டான்னு பாப்பாங்க.”

நான் சிரித்தேன். தமிழ் தெரியாதவர்களுக்குப் படையல் எதற்கு என்றுகூட ஒரு வார்த்தை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்படிச் சொல்லாதீங்க சார். எங்க தோட்டத்து லயத்துல அப்பாவுக்குப் படைக்கறப்ப குழம்புல உப்பு பாத்துட்டுத்தான் வெப்போம். இவங்க பாக்கமாட்டாங்க. சமைக்கிற பொம்பள நாக்குல ஒரு பருக்க படாது. செத்தவங்க மொதல்ல. நம்மளவிட இவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட், லா.”

ஆக, எனக்குத் தெரியும். வாசகர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு வாசலில் நான் இறங்கும்போதே எனக்கு அந்த விதி தெரியும்.

இரண்டரை மணி. அர்ஜுனன் சாரோங்கும் வெள்ளைச் சட்டையுமாக வெளியே வந்தார். “வாங்க கிராணி, வாங்க! ரயில்ல நசுங்கிட்டீங்களா?” என்றார். அந்த வீட்டில் எல்லோரும் பேசியது மலாயில்; என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன். மீனாட்சியம்மாள் பின்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தார். கெபாயா சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசிய, ஒடிசலான அம்மாள். தேங்காய்ப்பால் சோறும் பிண்டாங் என்கிற புளி மீன் குழம்பும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன.

“இவர்தான் பீர் விலைப் புத்தகம் எழுதினவரா?” என்று கொழுந்தனிடம் கேட்டார்.

“இவரேதான் அண்ணி. கம்பெனியில எங்களுக்கெல்லாம் இவர் எழுதினதுதான் சட்டம்.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அப்படித் தோன்றவில்லை.

கூடத்தில் சாமி மாடத்துக்கு எதிரே பாய் விரித்திருந்தது. இலைகள் இன்னும் போடவில்லை. ஓரமாக ஒரு மேசைமேல் நான்கு போத்தல், நான்கு கிளாஸ். ஐஸ் இல்லை. நம் ஊரில் பீருக்குள் ஐஸ் போட்டுத் தண்ணீராக்கிக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஈரத் துணி சுற்றிக் கிணற்றடியில் வைத்திருந்து அப்போதுதான் எடுத்திருந்தார்கள். அந்தக் குளிர்ச்சி போதும். அதற்கு மேல் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் எல்லா பீரும் ஒன்றாகிவிடும்.

“மூணு எப்பவும் கொண்டுவர்றதுதான்,” என்றார் அர்ஜுனன். “ஒண்ணு மட்டும் கடைசிப் பயணத்துல கொண்டுவந்தது. பொக். பொங்கலுக்குத் திறக்கறேன்னு வெச்சாரு. அதுக்குள்ள போயிட்டாரு. அண்ணி அதை மத்த மூணோட சேத்துப் பூட்டி, யாரையும் தொடவிடல.”

அவரே நான்கையும் திறந்து, கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றினார். இரண்டு வெளிர்மஞ்சள், இரண்டு பழுப்பு. வெளிர்மஞ்சள் இரண்டும் சுலபம். ஒன்றில் அப்போது வெட்டிய புல்லின் வாசனை தூக்கலாக இருந்தது, நுரை இறுகி நின்றது: பில்ஸ்னர். மற்றது டோர்ட்முண்ட். “முதலில் இது, அடுத்தது இது” என்றேன். அர்ஜுனன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகமில்லாமல், ஒரு குழந்தையைப்போல.

பழுப்பு இரண்டில் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டிலும் ரொட்டி வாசனை. இரண்டும் ஒரே நிறம். என் விலைப்பட்டியலில் இரண்டுக்கும் நான் கிட்டத்தட்ட ஒரே வரியைத்தான் எழுதியிருந்தேன். பதினாறு வருடத்தில் அந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோந்ததே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூக்கை இழந்த அந்த மனிதரிடம், அதுவும் அவரிடம், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கொஞ்சம் நேரம் கொடுங்கள்,” என்றேன்.

“இலை அறுத்துட்டு வந்துடறேன்,” என்று அவர் கொல்லைக்குப் போனார். பின்கட்டில் பாத்திரச் சத்தம். கூடத்தில் நான் மட்டும்.

பழுப்பு இரண்டில் முதல் கிளாஸை எடுத்துக் குடித்தேன். அதுதான் பொக்.

அந்த ருசியை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை இன்னொரு பொய்யாகிவிடும். முதலில் நாக்கின் நுனியில் இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்லை, அடிபிடிக்கப் போகும் தருணத்தில் இறக்கிய பாகின் இனிப்பு. பிறகு பேரீச்சம்பழம்போல ஒன்று வாய் முழுக்கப் பரவியது. கசப்பு கடைசியில்தான் வந்தது. வந்ததே தெரியாமல் இனிப்பைத் துடைத்துவிட்டுப் போனது. விழுங்கிய பிறகு நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு. இத்தனை வருடம் நான் தட்டச்சு செய்த சொற்களுக்கெல்லாம் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எது பொக் என்று தெரிந்துகொள்ள ஒரு மிடறு போதும். நான் மூன்று மிடறு குடித்தேன். பிறகு அதன் போத்தலின் அடியில் இருந்ததை ஊற்றிக் கிளாஸைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். போத்தல் காலி.

அர்ஜுனன் இலைகளோடு வந்தார். “இது மியூனிக் கருப்பு. இதுதான் பொக்,” என்றேன். அவர் என் முகத்தையும் காலிப் போத்தலையும் பார்த்தார். “சரி,” என்றார்.

மீனாட்சியம்மாள் கை துடைத்துக்கொண்டு வந்து கிளாஸ்களுக்கு முன் உட்கார்ந்தார். “இதுவா அவரோடது?” என்று கேட்டு, பொக்கைத் தொடாமல் பார்த்தார். பிறகு என்னிடம், வழக்கமாகக் கேட்பதைக் கேட்கும் குரலில், “சுத்தமா இருக்கில்ல? யாரும் வாய் வெக்கலையே?” என்றார்.

“இல்லை,” என்றேன்.

நாலரை மணிக்கு இலைகளில் சோறு, கறி, பலகாரம் எல்லாம் வைத்தாயிற்று. அர்ஜுனன் கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தார். பில்ஸ்னர், டோர்ட்முண்ட், கருப்பு. நான்காவதைத் தூக்கித் திரும்பும்போது அவர் முழங்கை கதவு நிலையில் இடித்தது. கிளாஸ் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. பீர் பழுப்பாக ஓடி, வாசற்படி வரைக்கும் போனது.

“அடப்பாவி!” என்று அம்மாள் கத்தினார். “உனக்குக் கை இருக்கா, கரண்டி இருக்கா? ஒரு வருஷம்! ஒரு வருஷம் பூட்டி வெச்சேனே! அது ஒண்ணுதானே அவர் தன் கையால எடுத்து வெச்சது!”

“தப்பு என்னோடது அண்ணி. வயசாயிடுச்சு, கை நடுங்குது.”

“குடிச்சிருக்கியா நீ?”

“என்னை மன்னிச்சிடுங்க அண்ணி.”

அவர் குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினார். அவர் பழியை ஏற்பதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். பதினாறு வருடம் ஸ்டோரில் ஒரு போத்தல்கூட உடைக்காத மனிதர் அவர். அவருடைய பதிவேட்டை எழுதியவன் நான்.

மீனாட்சியம்மாள் அழுகையை நிறுத்தி, காலிப் போத்தலை எடுத்து சாரோங் ஓரத்தால் துடைத்து இலையருகே வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். இவர்கள் வழக்கப்படி, இறந்தவர்கள் சாப்பிடுவதற்காக எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். முற்றத்தில் நின்றோம். கால் மணி நேரம் இருக்கும். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு மீனாட்சியம்மாள் நின்றார்.

கிளம்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் சோறு கட்டிக்கொடுத்தார். “அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து வரிசை சொன்னீங்க. இவன்தான் கெடுத்துட்டான். மனசுல வெச்சுக்காதீங்க.”

அர்ஜுனன் பெரிய சாலை வரை கூட வந்தார். ஒரு திரிஷாவைக் கைதட்டி நிறுத்தினார். நான் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து, கோபமில்லாத குரலில் சொன்னார்:

“மீசையைத் துடைச்சுக்குங்க, கிராணி. நுரை காஞ்சுபோச்சு.”

அன்றிரவு தெங்கேராவில் மூன்று வெள்ளி வாடகைக்கு ஓர் அறையில் தங்கினேன். அறை சுத்தம்தான், கொசுவலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

போகிற வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். போகியன்று காஜா பெராங்கில் எந்த வீட்டுக்குள்ளும் கூப்பிடாமல் போகவேண்டாம்; கூப்பிட்டால் மதியத்துக்குள் போய்விடுங்கள். செருப்பைப் படிக்கு வெளியே விடவும். கொஞ்சம் மலாய் தெரிந்திருந்தால் நல்லது. ஜெர்மன் பீர் குடிக்கக் கிடைத்தால் ஐஸ் போடாதீர்கள், லேசானதில் தொடங்குங்கள், முதலில் மோந்து பாருங்கள், பிறகு வாய் நிறைய எடுத்து மெதுவாக விழுங்குங்கள், கசப்பு கடைசியில் வருகிறதா என்று பொறுத்திருங்கள். அதற்கு முன்னால், அது உங்களுக்காக ஊற்றியதா என்று கேளுங்கள்.

அர்ஜுனனுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவருக்குத் தெரிந்ததையே அவருக்கு எழுதி என்ன பயன்? தெரியவேண்டியவர் அந்த அம்மாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கட்டுரையோ அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியாத மொழியில் இருக்கிறது; பாதுகாப்பான இடம் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது போனால், கொழுந்தன் கை தவறவில்லை என்று அவரிடம் மலாயில் சொல்லிவிடுங்கள் என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்; அது இன்னொருவர் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது போதும்.

கோலாலம்பூரிலிருந்து தம்பினுக்கு ரயில் காலை ஏழு மணிக்கு. இரண்டு வெள்ளி எண்பது காசு. நாளைக்கும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறது, விசாரித்துவிட்டேன்.