நடந்து வந்தவர்கள், ரயிலில் வந்தவர்கள்

இருட்டு மூலையில் வளரும் முளைப்பாரிக்கு ஒரு வாசனை உண்டு. ஈரச் சாணமும் முளைவிட்ட பயறும் கலந்த அந்த வாசனை மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுவதும் பரவ, எனக்கு மட்டும் வயிறு எரியத் தொடங்கும். வரிசையில் முதல் முளைப்பாரியை எப்போதும் செல்லாயிதான் தூக்குவாள்.

பதுளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் எங்கள் வாயில் அது "துறையூர்"தான். தேயிலைக்கு முன் காப்பி பயிரிட்ட கோப்பிக் காலத்தில் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறி வந்து காட்டை வெட்டி முதல் லயத்தைக் கட்டி, ஒரு கல்லை நட்டு அம்மன் என்று கும்பிட்டவர்கள் செல்லாயியின் தாத்தாவும் அவர் கூட்டத்தாரும். என் அப்பாவும் அம்மாவுமோ தேயிலை வந்த பிறகு மதுரைப் பக்கத்திலிருந்து பண்டாரவளை வரை ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள். அதனால் அங்கேயே பிறந்த நானும் "ரயில்ல வந்தவ".

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் செல்லாயி ஒருநாள், "எங்க அத்தை கைக்கொழந்தையா இருக்கறப்ப நடந்து வர்ற வழியிலேயே செத்துப்போச்சு, தெரியுமா? காட்டுலயே பொதைச்சுட்டு வந்தாங்க" என்றாள். மற்றப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அந்தச் செத்த குழந்தையின் பேரிலும் எனக்குப் பொறாமை வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம், "நம்ம ஆளுங்க யாராச்சும் வழியில செத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "ஏன்டி, யாரும் சாகலேன்னு ஒனக்குக் கொறையா இருக்கா?" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் லயத்துக்குள் காய்ச்சல் புகுந்தது. தம்பிக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. அப்பா அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். முதலில் வந்தவர்கள் தங்கள் பிணங்களைப் புதைத்திருந்த சரிவில், அவர்களே குழி வெட்ட, அவனைப் புதைத்தோம்.

திருவிழா வந்தது. கங்காணியாக இருந்த செல்லாயியின் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, தலைப்பாகையை எடுத்துவிட்டு, "தங்கச்சி, இந்த மண்ணுல நீங்களும் ஒன்னக் குடுத்துட்டீங்க. இனிமே ஒங்க புள்ளை முன்னால வரட்டும்" என்றார். அம்மா உள்ளே போய் அழுதாள். நெடுநேரம் கழித்து, "போடி" என்று என்னை மட்டும் அனுப்பினாள்.

நான் முதலில் நடந்தேன். கொட்டுச் சத்தத்துக்கு நடுவே பின்னால் ஒரு குழந்தை சிரிப்பது கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். செல்லாயி ஒரு கையால் தலையில் முளைப்பாரியைப் பிடித்து, மறு கையால் தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எரிந்ததைப்போல் என் வயிறு அதற்கு முன் எரிந்ததில்லை.

இப்போது அந்த முதல் லயம் இல்லை. இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள். புதைத்த சரிவும் எது என்று தெரியாமல் போயிற்று. யார் நடந்து வந்தார்கள், யார் ரயிலில் வந்தார்கள் என்று கேட்பாரும் இல்லை. செல்லாயியின் தம்பி பதுளைக் கடைத்தெருவில் தலை நரைத்து, பேரப்பிள்ளைகளோடு எதிரே வருவார். "அக்கா, சௌக்கியமா?" என்பார். சௌக்கியம் என்பேன். அவர் கடந்துபோன பிறகும் அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.