நாலாவது கார்னெட்

பதினோரு மாதம், ஏழு கார்னெட். பல்லக்காவின் உழைப்புக்குக் கணக்கு அவ்வளவுதான்.

வயது ஐம்பத்து மூன்று. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. அதனால் தெருவுக்கே அவர் பல்லக்கா. சாயங்காலம் வீடு திரும்பியதும் சமையலறை மேசையில் விளக்கைச் சாய்த்து, உள்ளங்கை அகலப் பாறையொன்றை மணல் பையில் உட்காரவைத்து, பல் சுரண்டும் ஊசியால் மேலே படிந்த மைக்காத் தகடுகளைச் செதில் செதிலாக எடுப்பார். பூமிக்கடியில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை அது. உள்ளே பன்னிரண்டு முகத்தோடு, முற்றிய மாதுளை முத்தின் நிறத்தில் கார்னெட் படிகங்கள். அவற்றைப் பிடுங்கக் கூடாது. பாறையில் இருந்தபடியே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். சேகரிப்பவர்களுக்கு அதுதான் அழகு.

"ஊரு சனத்துக்குப் பல்லு கட்டினது போதாதுன்னு, கல்லுக்கும் பல்லு விளக்குறீங்களா அண்ணி?" என்பார் கொழுந்தனார்.

"கல்லு பேசாம வாயத் தொறந்து காட்டுது தம்பி. உங்கள மாதிரியா?"

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் யாரும் தொடாத நாற்பது கார்னெட் பாறைகள் கிடந்தன. அங்கே நடக்கவிருந்த பாறைக் கண்காட்சிக்கு வருவதில் எந்த வேலையை நம்பலாமோ, அதைச் செய்தவரிடம் அவற்றைச் சுத்தம் செய்யக் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். பல்லக்காவுக்கு அந்த நாற்பதும் வேண்டும்.

ஒன்பதாவது மாதத்தில்தான் சறுக்கல். செயற்கைப் பல்லின் அடியில் மெழுகைச் சுரண்டும் கூடத்துப் பழக்கத்தில் நாலாவது படிகத்தின் அடியில் ஊசியை விட்டுக் குடைந்துவிட்டார். பல்லைப் பிடிக்க மெழுகு உண்டு, கார்னெட்டைப் பிடிக்க ஒன்றும் கிடையாது. கழன்று மடியில் விழுந்தது. அதே குழியில் பசை வைத்து ஒட்டினார். பாறையோடு வைக்கும் அட்டையில், 'நாலாவது கழன்றது, ஒட்டியிருக்கிறேன்' என்று எழுதினார்.

கணவர் அட்டையைப் படித்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். "யாருக்குத் தெரியப்போகுது? சும்மா கெடந்த சங்க ஏன் ஊதுற?"

"பகல் பூரா பொய்ப் பல்லு செய்யறேன். சாயங்காலம் கல்லுலயும் பொய் வைக்கணுமா?"

கண்காட்சியில் ஆள் மேல் ஆள். அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் பாறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையைப் பார்க்கவில்லை.

"ஏழும் இவ்வளவு சுத்தமா இருக்கே. துளை போட்டுப் பதிச்சதாம்மா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். கணவர் மெல்ல அடுத்த மேசைப் பக்கம் நகர்ந்தார். பல்லக்கா நகரவில்லை.

"உங்க விளக்கப் போட்டுப் பாருங்க சார்."

பொறுப்பாளர் பாறையைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் பசை வெளுத்து ஒளிரும். நாலாவதின் அடியில் மட்டும் மயிரிழை போல் ஒரு கோடு.

"இது ஒட்டினதுதானே?"

"அட்டையில எழுதியிருக்கேனே."

அவர் அப்போதுதான் படித்தார். "மத்த ஆறு?"

"பொறந்த எடத்துலயே இருக்கு சார்."

அடுத்தடுத்த மேசைகளிலும் அந்த விளக்கு எரிந்தது. பல பாறைகள் வெளுத்து மினுங்கின. அட்டைகளில் ஒரு சொல் இல்லை. கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "நம்ம வீட்டம்மா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அடித்தளத்திலிருந்து முதல் மூன்று பாறைகள் பல்லக்காவிடம் வருகின்றன. அன்றைக்குக் கூடத்தில் விடுப்பு சொல்லியாயிற்று.