தீபாவளியன்று இரண்டு நிமிடம்

1928-ஆம் வருடம் தீபாவளி, நவம்பர் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்தைந்து வயது.

அண்ணியும் நானும் கூலிக்காரர்களின் லயத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். என் அண்ணன் பதினொரு வருடத்துக்கு முன், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குக் கப்பலேறியவர். அப்பா காரியம் முடிந்து திரும்புவதற்குக் கப்பல் கிடைக்கவில்லை. சண்டைக் காலம். அங்கேயே பட்டாளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேர்ந்துவிட்டார். அரபு நாட்டில் பசராவிலிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்தது. அடிபட்டவர்களைத் தூக்குகிற வேலை, சண்டை முடிந்ததும் வந்துவிடுவேன், தம்பியைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

எனக்கு அப்போது பதினாலு வயது. அண்ணிக்கு இருபது கூட இருக்காது. பிள்ளை குட்டி இல்லை. விடியுமுன்னே வெட்டுக்குப் போய், பால் வாளி தூக்கி, என்னை ஆளாக்கியது அவர்தான். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, கழுத்தில் தாலியோடு, வருகிற ஆளுக்காகக் காத்திருப்பதுபோலவே இருப்பார். தோட்டத்துப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அவர் காதில் விழாததுபோலப் போய்விடுவார்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு சேதி சொன்னார். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை நின்றது நவம்பர் பதினோராம் தேதியாம். இந்தத் தீபாவளியோடு சரியாகப் பத்து வருடமாம். ஈப்போ ரயில் ஸ்டேஷன் முன்னால் கல்தூண் ஒன்று வைத்திருக்கிறார்கள், அன்று காலை பெரிய துரைமார்கள் எல்லாம் அங்கே கூடி, சண்டையில் போனவர்களை நினைத்துக்கொள்வார்கள் என்றார். அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கல்லில் பேர் எழுதியிருக்குமா என்று கேட்டார். இருக்கலாம் என்றார் கிராணி.

அவ்வளவுதான். தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, சாமி கும்பிட்ட கையோடு, ஈப்போவுக்குப் போலாம் என்று என் முன்னால் வந்து நின்றார். எனக்குக் கோபம் வந்தது. கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து ஆட்டுக்கறி சமைப்பதாக ஏற்பாடு. வேண்டாவெறுப்பாகத்தான் கிளம்பினேன். ரயிலில் அவர், துரையிடம் என்ன கேட்பது, யார் மொழிபெயர்ப்பார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் பொறுமை இழந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணன் செத்துப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு அண்ணி. தோட்டத்துல உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அவர் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டேஷன் வாசலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வெள்ளை உடுப்பில் துரைமார்கள், பூ வளையம் பிடித்த துரைசானிகள், பட்டு உடுத்திய சீன முதலாளிமார்களான தவ்க்கேக்கள், சொங்கோக் தொப்பி வைத்த மலாய்ப் பெரிய மனிதர்கள். போலீஸ்காரர்கள் எங்களை ஓரமாக ஒரு மரத்தடிக்கு ஒதுக்கினார்கள். பக்கத்தில் ஒரு பஞ்சாபிக்காரர் நின்றார். ஆறடி உயரம், நரை ஓடிய தாடி, பழைய கோட்டில் நாலு மெடல். ஒரு கால் கொஞ்சம் கட்டை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புந்தோங்கில் நம் ஆட்கள் விடாமல் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் இங்கே வரை கேட்டது.

மணிக்கூண்டு பதினொன்று அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிடம் ஊரே நின்றுவிட்டது. துரைமார்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ரிக்‌ஷாக்காரர் வண்டியைப் பிடித்தபடியே நின்றார். காவடிபோலத் தோளில் காண்டாக்கட்டை தூக்கி வந்த சீனப் பெண் ஒருத்தி, கூடைகளைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கினாள். மாட்டுவண்டிக்காரர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனுக்குள் இன்ஜின் கூட மூச்சு விடவில்லை. புந்தோங் வெடியும் நின்றது. பதினொன்று அடித்ததும் வெடி போடக் கூடாது என்று முதல் நாளே தப்படித்துச் சொல்லியிருந்தார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில், தீபாவளியையே யாரோ கையால் பொத்திவிட்டதுபோல இருந்தது. தூணுக்கு மேலே கொடி படபடப்பது கேட்டது. அத்தனை ஆயிரம் பேர் நடுவில் ஒரு துணி அசைகிற சத்தம் கேட்கும் என்று நான் நினைத்ததில்லை.

அப்போது, தண்டோரா காதில் விழாத யாரோ, புந்தோங் பக்கம் ஒரே ஒரு வெடியைக் கொளுத்திவிட்டார்கள். டமார் என்றது.

பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்காரர் உடம்பு தூக்கிப் போட்டது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படியே குறுகி, மரத்தில் சாய்ந்து, வெடவெடவென்று நடுங்கினார். கண் எங்கேயோ போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அண்ணி ஒரு எட்டு வைத்து, அந்த அந்நிய ஆம்பிளையின் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல. தீபாவளி வெடி."

அவர் அண்ணியையே பார்த்தார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. ஊதுகொம்பு ஊதி, கூட்டம் அசையத் தொடங்கிய பிறகுதான் அண்ணி கையை விட்டார்.

அவர் என்னிடம் மலாயில் பேசினார். நான் அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். சீனர் கடை ஒன்றில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக இருக்கிறாராம். முன்பு பட்டாளக்காரர், பசரா பக்கம் சண்டை போட்டவர். காலில் குண்டு பட்டு மணலில் கிடந்தபோது, மதராஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து டோலியில் தூக்கினார்களாம். போகிற வழியில் பீரங்கிக் குண்டு விழுந்து ஒருவர் அங்கேயே போய்விட்டார். மற்றவர் இவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாராம். ஓடும்போது வழியெல்லாம் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அர்த்தம் தெரியாமலே அந்த வார்த்தை இவர் காதில் தங்கிவிட்டது.

பிறகு அவர் தமிழில் அதைச் சொன்னார். உச்சரிப்பு கோணலாக இருந்தது, ஆனால் சந்தேகமில்லை.

"ஒண்ணுமில்லே. ஒண்ணுமில்லே."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பத்து வருடமாக யாரிடமும் கேட்கவில்லையாம். இப்போது இந்த அம்மா சொன்னபோது தானாகப் புரிந்துவிட்டது என்றார்.

அண்ணி முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எந்தத் தமிழனும் சொல்கிற வார்த்தைதானே அது. தூக்கி ஓடிய ஆள் என் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? அது அண்ணிக்கும் தெரியும். அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று மட்டும் கேட்கச் சொன்னார். பஞ்சாபிக்காரர் தலையைக் குனிந்தார். இவரை ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இறக்கிவிட்டு, விழுந்து கிடந்த கூட்டாளியைத் தூக்கி வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டு மறுபடி அந்தப் பக்கமே ஓடினாராம். திரும்பி வரவில்லை.

கல்லில் பேர் இருக்கிறதா என்று அண்ணி கேட்டார். துரைமார்கள் பேர்தான் இருக்கிறது, தூக்குகிறவர்கள் பேர் இல்லை என்றார் அவர்.

அண்ணி அந்தத் தூணை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இப்ப ஊரே நின்னுச்சே தம்பி, அது பேரு எழுதுனவங்களுக்கு மட்டுமா?"

நான் மலாயில் கேட்டேன். பஞ்சாபிக்காரர் விறைப்பாக நின்று, அண்ணியைப் பார்த்துச் சலாம் வைத்தார். துரைக்கு வைப்பதுபோல, பட்டாளச் சலாம். அதுதான் அவர் பதில். நான் எதையும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் ரயிலில் நான் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுங்கை சிப்புட் வந்து இறங்கும்போது சொன்னார்.

"நாளைக்கு அமாவாச. எள்ளு வாங்கிக்க. ஆத்துக்குப் போலாம்."

பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் துணியாத காரியம் அது. மறுநாள் காலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். கரையில் நின்ற அண்ணி, குண்டு பட்டு விழுந்த அந்தக் கூட்டாளிக்கும் சேர்த்து விடச் சொன்னார். பேர் தெரியாதே என்றேன். தெரியாட்டி என்ன, விடு என்றார். இரண்டாவது கைத் தண்ணீரை அவருக்கு விட்டேன். அண்ணி அன்று முதல் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. தாலியை மட்டும் கழற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. அண்ணியும் இல்லை. தீபாவளி வருடா வருடம் தேதி மாறி வருகிறது, நவம்பர் பதினொன்று மாறாமல் வருகிறது, இரண்டு நாளும் எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு விளக்கு உண்டு. குண்டு விழுகிற இடத்தில் பாஷை தெரியாத ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னபடி ஓடிய அந்த மனிதர் என் அண்ணன்தானா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எங்கே இருந்தாலும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன்.